நேராக இருந்த கம்பிகளும் அய்யாவுவின் வலக்கண்ணும்

அய்யாவு நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். மனைவி தங்கமணி, மேனேஜர் ஜெயந்திரன், வெல்டர் ராதாகிருஷ்ணன், டாக்டர் பிரேமினி என்று வரிசை நீளும். ஆனால் நியாயமாகப் பார்த்தால் முதல் மாலையை ஒரு பூஜ்யத்துக்குத்தான் போட வேண்டும். அந்தப் பூஜ்யம் மட்டும் ஒரு கண்டெய்னர் எண்ணின் கடைசியில் வந்து உட்காராமல் இருந்திருந்தால், மனிதர் இன்றுவரை கெட்டிக்காரராகவே இருந்து, கெட்டிக்காரராகவே பார்வையைத் தொலைத்திருப்பார்.

வயது அறுபத்தொன்று. வீடு, கிள்ளான் பக்கம் பண்டமாரானில். வேலை, போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு காலிப் பெட்டி டிப்போவில். கப்பலில் வந்த சரக்கை எங்கோ இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பும் கண்டெய்னர்களை லோரிகள் அங்கே கொண்டுவந்து போடும். வாசலில் நின்று பெட்டியின் எண்ணைப் படித்துச் சொல்வதும், பெட்டியைச் சுற்றி வந்து எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை, எங்கே துரு என்று அட்டையில் குறிப்பதும் அய்யாவுவின் பொறுப்பு. முப்பத்து மூன்று வருடமாக இதே வாசல். பெரிய துறைமுகங்களில் எண்ணைப் படிக்கக் கேமரா வந்துவிட்டது. இந்த டிப்போவில் அய்யாவுதான் கேமரா. அதில் அவருக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. கேமராவுக்காவது மழை பெய்தால் மங்கும்.

சென்ற வருடம் தீபாவளி முடிந்த கையோடு கண்டெய்னர்கள் வளைய ஆரம்பித்தன.

பெட்டியின் கதவில் மேலிருந்து கீழாக நான்கு இரும்புக் கம்பிகள் இருக்கும், தாழ்ப்பாளுக்காக. அவை பளிச்சென்று நேராக இருக்க வேண்டும். அய்யாவு பார்த்த கதவுகளில் எல்லாம் நடுக் கம்பி இடுப்பு ஒடிந்த மாதிரி ஒரு வளைவு வளைந்து நின்றது. முதல் நாள் மூன்று பெட்டி, மறுநாள் ஏழு. ஏதோ ஒரு துறைமுகத்தில் குடிகாரன் கிரேன் ஓட்டுகிறான் என்று முடிவுகட்டி, அட்டை அட்டையாக எழுதித் தள்ளினார். 'கதவுக் கம்பி வளைவு. நிமிர்த்துக.'

நிமிர்த்த வேண்டியவர் ராதாகிருஷ்ணன். டிப்போவின் வெல்டர், அய்யாவுவைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு நாள் கையில் சுத்தியலோடு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, அந்த நீலப் பெட்டியில கம்பி எங்க வளைஞ்சிருக்கு?"

"நடுவுல. கண்ணு தெரியலையா உனக்கு?"

ராதாகிருஷ்ணன் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அண்ணனின் முப்பத்து மூன்று வருட அனுபவம் சொல்கிறது, நாம் யார், பேசாமல் போவோம் என்று போய், நேராக இருந்த கம்பியை மரியாதைக்கு நாலு தட்டுத் தட்டிவிட்டு, 'நிமிர்த்தப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார். அப்படித் தட்டியதில் ஒன்றிரண்டு கம்பிகள் உண்மையாகவே வளைந்துபோனதைப் பல மாதம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

மாதக் கடைசியில் மேனேஜர் ஜெயந்திரன் எல்லாரையும் கூட்டிவைத்து, வாசலில் சேதம் கண்டுபிடிப்பது இரண்டு மடங்கு கூடியிருக்கிறது, அய்யாவு அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினார். கைதட்டல் வேறு.

ஜனவரியில் அடுத்த வித்தை. எண்ணின் நடுவில் ஓர் இலக்கம் காணாமல் போகத் தொடங்கியது. அழிந்து போகவில்லை. அவர் எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் இருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, பார்வை போகிற இடத்துக்கெல்லாம் முன்னாடியே போய் உட்கார்ந்துகொண்டது. இடது கண்ணில் இப்படி ஒரு திட்டு விழுந்து இரண்டு வருடமாகிறது. அதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல், வலது கண்ணை வைத்தே காலம் தள்ளினார். இப்போது அந்த வலது கண்ணிலும்.

இந்த இடத்தில் வேறு எவராக இருந்தாலும் பயந்துபோய்க் கண் டாக்டரைத் தேடியிருப்பார். அய்யாவு கணக்குப் போட்டார்.

கண்டெய்னர் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் காவல்காரன் மாதிரி. முன்னால் உள்ளவற்றைப் பெருக்கிக் கூட்டி வகுத்தால் அது சரியாக வர வேண்டும். வராவிட்டால் யாரோ எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைத் திருப்பிப் போட்டால் என்ன? நடுவில் ஒன்று தெரியாவிட்டாலும், கடைசி இலக்கம் தெரிந்தால் தெரியாததைக் கண்டுபிடித்துவிடலாம். அய்யாவு அதை மனக்கணக்காகவே, லோரி டிரைவர் கண்ணாடியை இறக்குவதற்குள் போட்டு முடித்தார். திட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இலக்கத்தைக் காதைப் பிடித்து வெளியே இழுத்து, கணீரென்று சொன்னார். இரண்டு மாதம் ஒரு தப்பு கிடையாது. தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று அவரே நம்பிவிட்டார்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு பொத்தல். வகுத்த மீதி பத்து வந்தாலும் அந்தக் கட்டத்தில் பூஜ்யமே போடுவார்கள், அதனால் கடைசி இலக்கம் பூஜ்யமாக இருந்தால் மட்டும் விடை இரண்டு வரும். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு பெட்டி வந்தது. மூன்றாவது இலக்கம் திட்டுக்குள் இருந்தது. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். பின்னால் லோரிகள் ஹாரன் அடித்தன. அய்யாவு எட்டு என்றார்.

வியாழக்கிழமை ஜெயந்திரன் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, நடுக்கடல்ல கப்பல் மேல இருக்கிற ஒரு பெட்டி, செவ்வாக்கிழமை நம்ம கேட்டுக்குள்ள எப்படி வந்திச்சு?"

"நீந்தி வந்திருக்கும் பாஸ்."

ஜெயந்திரன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அய்யாவுவின் நேர் எதிரே, ஓர் அடி தூரத்தில் நின்றார்.

"அண்ணே, என்னைப் பார்த்துச் சொல்லுங்க. எனக்கு மீசை இருக்கா?"

இதென்ன கேள்வி. பதினைந்து வருடமாக இருக்கிற மீசை. "இருக்கு பாஸ். நல்லாத்தான் இருக்கு."

"எடுத்து ரெண்டு வாரமாச்சுண்ணே."

மீசைக்குக் கடைசி இலக்கம் கிடையாது. அய்யாவு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

வேலையைவிட்டுத் துரத்தியிருக்கலாம். ஜெயந்திரன் செய்தது வேறு. தன் காரிலேயே ஏற்றிக் கிள்ளானில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரம்மா கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளை நீட்டி, ஒரு கண்ணை மூடச் சொன்னார். அய்யாவு பார்த்தார். தாளின் நடுவில் எல்லாக் கோடுகளும் கதவுக் கம்பி மாதிரியே வளைந்திருந்தன. "இந்தத் தாளையும் அந்தக் குடிகாரன்தான் தூக்கியிருக்கான்," என்றார். கடைக்காரம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் கடிதம் எழுதிக்கொடுத்தார். கடிதத்தில் 'அவசரம்' என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு. அதுவும் வளைந்தே தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனை. தங்கமணியும் கூட வந்தாள். அவள் கைப்பையில் ஒரு டப்பா இருந்தது. அதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தங்கமணி நேரடி விற்பனையில் 'முழுக்கவசம்' என்றொரு பொடி விற்கிறாள். உடம்பின் எதிர்ப்பு சக்தியை ஏழு மடங்கு ஏற்றும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். எட்டாவது மடங்கு ஏன் வேண்டாம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கீழே இருபத்தாறு வாடிக்கையாளர்கள், ஒரு வாட்ஸ்அப் குழு, மேடையில் ஏற்றிக் கழுத்தில் போட்ட ஒரு மெடல். அய்யாவுவும் தினம் காலையில் ஒரு டம்ளர் குடித்தாக வேண்டும். இதுநாள்வரை அவர் அதை 'மூஞ்சிப் பவுடர்' என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

டாக்டர் பிரேமினிக்கு நாற்பது வயது இருக்கலாம். குரலை வைத்துச் சொன்ன கணக்கு அது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அய்யாவுவுக்குத் திட்டுதான் தெரிந்தது. சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்து, திரையைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"இதுதான் உங்க கண்ணோட பின்பக்கம் அங்கிள், குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி. கேக் லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்கா இருக்கா? நடுவுல மேடு தட்டியிருக்கு பாருங்க. அதுக்கடியில தண்ணி."

"தண்ணி எப்படி வந்திச்சு?"

"அந்தக் கதை கொஞ்சம் நீளம். விழித்திரை நாள் முழுக்க வேலை செய்யுது, குப்பையும் சேருது. வயசானா அள்ளுற வேலை மெதுவாயிடும். அடியில சின்னச் சின்ன உருண்டையாத் தேங்கிடும். நம்ம உடம்புல நோய் எதிர்ப்புன்னு ஒரு காவல்படை இருக்குல்ல, கிருமி வந்தா பிடிக்கிறதுக்கு? அவங்க இந்தக் குப்பையப் பார்த்துட்டு, திருடன் பூந்துட்டான்னு அடிக்க ஆரம்பிச்சிடுறாங்க. போதும் நிறுத்துன்னு சொல்ற பிரேக் சிலருக்குப் பொறப்புலயே கொஞ்சம் லூஸா இருக்கும். அடி நிக்காது. குப்பையும் போகாது. பக்கத்துல இருக்கிற நல்ல செல்தான் அடி வாங்கும்."

"எங்க டிப்போ காவக்காரன் மாதிரி."

"எப்படி?"

"இரும்பத் திருடிட்டுப் போறவனுக்கு கேட்டத் தொறந்து விடுவான். தினம் வர்ற என்னைய நிறுத்தி ஐசி கார்டு கேப்பான்."

டாக்டர் சிரித்தார். சிரிப்பும் காதில்தான் விழுந்தது. "அதேதான் அங்கிள். அடிபட்ட இடத்துலருந்து ரத்தம் பத்தலைன்னு ஒரு சிக்னல் போகும். உடனே அங்க புதுசா ரத்தக்குழாய் முளைக்கும். அவசரத்துல போட்ட பைப்பு, ஒழுகும். அந்த ஒழுகல்தான் இந்தத் தண்ணி. அது விழித்திரையத் தூக்கிவிடுறதாலதான் நேர்க்கோடு வளைஞ்சு தெரியுது."

அய்யாவுவின் மனக்கண்ணில் நூற்றுக்கணக்கான கதவுக் கம்பிகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து நின்றன. அவற்றின் முன்னால் சுத்தியலோடு ராதாகிருஷ்ணன்.

தங்கமணிக்கு வேறு கவலை. "அப்போ இவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்லையா டாக்டர்?"

"கம்மி இல்ல ஆன்டி. அந்த ஒரு இடத்துல ஓவரா வேலை செய்யுது."

தங்கமணி மெதுவாக டப்பாவை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் எடுத்து, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை நிதானமாகப் படித்தார்.

"இதுல முக்கால்வாசி ஓட்ஸும் சர்க்கரையும்தான் ஆன்டி. காவல்காரங்கள இது ஏத்தவும் ஏத்தாது, இறக்கவும் இறக்காது. ஆனா இத நம்பி வைத்தியத்தத் தள்ளிப்போட்டா கண்ணு போயிடும்."

"வைத்தியம்னா?"

"ஊசி. அந்தப் புதுக் குழாய முளைக்க வைக்கிற சிக்னலப் பிடிச்சு அடக்குற மருந்து. வேடிக்கை என்னன்னா, நம்ம காவல்படை கிருமியப் பிடிக்க ஒரு ஆயுதம் வச்சிருக்குல்ல, அதே அச்சுல செஞ்ச மருந்துதான் இது. மாசம் ஒண்ணு, மூணு மாசம். அப்புறம் பார்த்துப் பார்த்து இடைவெளிய நீட்டலாம். ஆனா தொடர்ந்து வரணும்."

"கையிலயா, இடுப்புலயா?" என்றார் அய்யாவு.

"கண்ணுல அங்கிள்."

அய்யாவு வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இடது கண்ணுக்கு?"

"அங்கயும் இதேதான் நடந்திருக்கு. யாரும் பார்க்காம விட்டதால காஞ்சு வடுவாயிடுச்சு. திரும்ப வராது. எதிர்ப்பு சக்தியையே அந்த இடத்துல தட்டி உக்கார வைக்கிற மருந்தெல்லாம் சில நாட்டுல வந்திருக்கு. ஆனா அது தண்ணி கட்டாத வேற வகைக்கு, போன பார்வையையும் கொண்டுவராது. உங்களுக்கு இருக்கிறது இந்த வலது கண்ணு. இதுக்கு இன்னும் நேரம் இருக்கு, ஆனா வாரக் கணக்குலதான். புதன்கிழமை முதல் ஊசி போட்டுடலாம். சிகரெட் பிடிப்பீங்களா?"

"விட்டுட்டேன் டாக்டர்."

"நல்லது. எப்போ?"

"கீழ. லிஃப்டுக்கு முன்னாடி."

வீட்டுக்கு வரும் ரயிலில் அய்யாவு ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே வந்தார். தெலுக் பூலாய் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"தங்கம், நான் ஒண்ணு யோசிச்சேன். பொடி கோர்ஸு தொண்ணூறு நாளு. இன்னிக்கு நாப்பதுதான் ஆவுது. பாதியில நிறுத்தக்கூடாதுன்னு நீதானே சொன்ன? அது முடியட்டும். அப்புறமா ஊசியப் பத்திப் பார்க்கலாம்."

மூஞ்சிப் பவுடருக்கு இப்படி ஒரு பக்தர் கிடைப்பார் என்று கம்பெனிக்காரர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை அவரே டம்ளரில் பொடியைக் கலக்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்து, இன்னும் ஒரு கரண்டி சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"ஏங்க," என்றாள் தங்கமணி. "மூணு மாசமா என்கிட்ட பேசும்போது ஏன் என் தோட்டையே பார்க்கிறீங்க?"

"நல்லாருக்கு, அதான்."

"அடகுக் கடைக்காரன் மாதிரி பார்க்கிறீங்க. உண்மையச் சொல்லுங்க."

அய்யாவு காலி டம்ளரைக் கீழே வைத்தார். "நேரா பார்த்தா உன் முகம் இல்ல தங்கம். ஒரு திட்டுதான் இருக்கு. தோட்டைப் பார்த்தா ஓரத்துல கொஞ்சம் முகம் கிடைக்குது. அதுக்குத்தான்."

தங்கமணி எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வந்து, பொடி டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய ரைஸ் குக்கருக்குப் பின்னால் வைத்தாள்.

"நாளைக்குப் போறோம்."

"கோர்ஸு பாதியில..."

"நான் விக்கிற சாமான் எனக்குத் தெரியும்லா. அதுல மேடை ஏறலாம், மெடல் வாங்கலாம். கண்ணுக்கு அது ஆவாது. ஊசிக்குப் பயமா இருக்குன்னு நேரா சொல்லுங்க, கூட உக்காந்து நானும் பயப்படுறேன். பொடி பின்னால போய் ஒளியாதீங்க."

"பயமா இருக்கு," என்றார் அய்யாவு.

"எனக்கும்தான். ஏழரை மணி கொமுட்டர் ரயில்."

அன்று மத்தியானம் அவள் இன்னொரு காரியமும் செய்தாள். வாட்ஸ்அப் குழுவில், இருபத்தாறு பேருக்கும் அவளுக்கு மேலே இருக்கும் பெரியவர்களுக்கும் கேட்கும்படி, ஒரு குரல் பதிவு போட்டாள். "எல்லாருக்கும் வணக்கம். பொடி குடிக்கிறவங்க குடிங்க, உங்க இஷ்டம். ஆனா நேர்க்கோடு யாருக்காச்சும் வளைஞ்சு தெரிஞ்சா, முகம் பார்த்தா நடுவுல மங்கலா இருந்தா, எனக்குப் போன் போடாதீங்க. கண் டாக்டர்கிட்ட ஓடுங்க. எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் லேட்டு. நன்றி." பத்து நிமிடத்தில் அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். மெடலை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த இருபத்தாறு பேரில் மூன்று பேர் அதே மாதம் கண்ணைச் சோதித்துக்கொண்டதாகப் பிறகு பாசார் சந்தையில் பார்த்துச் சொன்னார்கள். ஒருவருக்குப் புரை. மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. மூன்று பேருமே தங்கமணியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். பொடி விற்ற காலத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை.

புதன்கிழமை. பச்சைத் துணி, மரத்துப்போகச் சொட்டு மருந்து, கண்ணைச் சுற்றி மஞ்சளாக ஒரு கழுவல், இமை மூடாமல் இருக்க ஒரு கவ்வி. அய்யாவு கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கம்பிகளாவது நேராக இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்.

"மேல பாருங்க அங்கிள். லேசா ஒரு அழுத்தம் தெரியும்."

தெரிந்தது. கட்டைவிரலால் யாரோ தொட்டுவிட்டு எடுத்த மாதிரி. கண்ணுக்குள் மை கரைந்து நெளிவதுபோல் ஏதோ மிதந்தது.

"டாக்டர், ஊசி போடும்போது முன்னாடியே சொல்லிடுங்க. நான் முருகனக் கூப்பிட்டுக்கணும்."

"போட்டாச்சு அங்கிள். முருகனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க."

வெளியே வந்தவர், பயந்தது வீண்போன கோபத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேஷன் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இரண்டு நாள் கண் உறுத்தியது. மிதந்த மை மூன்றாம் நாள் காணாமல் போனது. திட்டு மட்டும் அப்படியே இருந்தது. முதல் மாதம் முழுக்க இருந்தது. இரண்டாவது ஊசிக்கு முதல் நாள் அவர் மறுபடியும் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். தங்கமணி அவரைப் பார்த்தாள். ஏழரை மணி கொமுட்டரில் ஏறிவிட்டார்கள்.

இதற்கிடையில் டிப்போ அவரைக் கைவிடவில்லை. ஜெயந்திரன் அவரை வாசலிலிருந்து மாற்றி, லோரிக் கம்பெனிகளோடு தொலைபேசியில் சண்டை போடும் வேலையில் உட்காரவைத்தார். அதற்குக் கண் தேவையில்லை, தொண்டை போதும். ஊசி நாட்களில் லீவு. மருத்துவமனைக் கடிதத்தை ஒவ்வொரு முறையும் ஜெயந்திரனே வாங்கிக் கோப்பில் வைத்தார். அவருடைய மீசை மறுபடியும் வளர்ந்துகொண்டிருப்பதாக ராதாகிருஷ்ணன் தகவல் சொன்னார். அய்யாவு வாசலில் இல்லாத முதல் வாரத்தில் கதவுக் கம்பி வளைவு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எந்தத் துறைமுகத்திலோ ஒரு கிரேன் டிரைவர், தான் குடிகாரன் என்று பெயர் வாங்கியதும் தெரியாமல், அந்தப் பெயர் போனதும் தெரியாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராதாகிருஷ்ணன் ஒரு மாலை டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, அன்னிக்கே உங்க கண்ணுதான் கோளாறுன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. மரியாத கொடுக்கிறோம்னு சும்மா தட்டிட்டு இருந்தேன். மன்னிச்சிடுங்க."

"நீ தட்டுனது இருக்கட்டும். நீ கேட்டியே, எங்க வளைஞ்சிருக்குன்னு. உனக்குக் கண்ணு தெரியலையான்னு உன்னையே திட்டுனேன். அதுக்கு நான் யாருகிட்ட மன்னிப்பு கேக்கிறது?"

இருவரும் டீயைக் குடித்தார்கள். அய்யாவு சிகரெட் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் சட்டைப் பையைத் தடவிய கை, வெறும் கையோடு திரும்பியது.

மூன்றாவது ஊசி முடிந்து ஒரு மாதம் கழித்துப் பரிசோதனை. கூடம் நிறையக் கூட்டம். நர்ஸ் அவரை முதலில் எழுத்து அட்டைக்கு அழைத்தார். அந்த அறையிலிருந்து வெளியே வரும் முகத்தைப் பார்த்தே தங்கமணிக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பதால், அய்யாவு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்தது கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. அதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"அவங்க என்னா சொல்றது, நான்தான் சொன்னேன். போன தடவ மூணாவது வரியோட நின்னுட்டேன்ல? இன்னிக்கு நர்ஸு அஞ்சாவது வரியக் காட்டுது. நான் விட்டேனா? மடமடன்னு அஞ்சாவத முடிச்சுட்டு, ஆறாவது வரிக்கு இறங்குறேன். நர்ஸு அசந்துபோச்சு. ஆறாவதுல ரெண்டு எழுத்துதான் தப்பு. நடுவுல இன்னும் ஒரு சின்ன அழுக்கு இருக்கு, ஜன்னல்ல கைவிரல் பட்ட மாதிரி. அது அங்கேயே கிடக்கட்டும், நான் அதைச் சுத்திப் போயிக்கிறேன். முப்பத்து மூணு வருஷம் வாசல்ல நின்ன கண்ணு தங்கம் இது, சும்மாவா? இதே கண்ணுதான் அந்தக் காலத்துல மழையில, கொடை இல்லாம..."

சொல்லிக்கொண்டே அவர் அவளை நேராகப் பார்த்தார். தோட்டை அல்ல, நேராக. முகம் இருந்தது. நெற்றி, குங்குமம், மூக்கு, மூக்குத்தி, எல்லாம் அந்தந்த இடத்தில்.

அந்த முகம் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. "ம்ம், ம்ம், அப்புறம்?" என்று வாய் மட்டும் பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருக்க, கண்கள் இரண்டும் கூரைக்குப் போய் மின்விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தன. உதடு ஒரு பக்கமாகச் சுழிந்தது. ஒரு புருவம் ஏறி, ஆரம்பிச்சிட்டார்டா சாமி என்று சொல்லிவிட்டு இறங்கியது. அவர் பார்க்கிறார் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. செய்த லாவகத்தைப் பார்த்தால் இன்று நேற்றுத் தொடங்கியதாகத் தெரியவில்லை. திட்டு விழுந்த நாளிலிருந்தே அதன் மறைவில் நடந்துவந்த காரியம் இது.

அய்யாவு ஒன்றையும் விடாமல் பார்த்தார். கோபம் இல்லை. அறுபத்தொரு வயதில் இதைவிட அழகான ஒன்றைப் பார்க்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கிறது?

"அப்புறம்?" என்றாள் தங்கமணி. கண்கள் மறுபடியும் கூரைக்குக் கிளம்பின.

அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சொட்டு மருந்துக்குக் கூப்பிட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்றாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.